டென்னிஸ் பந்திலிருந்து ஸ்டிச் பாலுக்கு: நடராஜன் ஊர்க்காரர்களுக்கு யார்க்கர் பாடம்

எடப்பாடி, தாரமங்கலம் பக்கம் எந்த டோர்னமென்ட்டுக்குப் போனாலும் கடைசி ஓவருக்கென்றே ஒரு யார்க்கர் பையன் (பேட்ஸ்மேன் காலடியிலேயே பந்தைக் குத்துபவன்) இருப்பான். தையல் போட்ட தோல் பந்தான ஸ்டிச் பாலைக் கையில் கொடுத்தால் அதே யார்க்கர் தரையில் குத்தாமல் முழங்கால் உயரத்துக்கு ஃபுல் டாஸாகப் போகும். டென்னிஸ் பந்து 60 கிராம்கூட வராது. காற்றிலேயே வேகம் இழந்து இறங்கிவிடும். ஸ்டிச் பால் 156 முதல் 163 கிராம். டென்னிஸ் பந்தை விட்ட அதே இடத்தில் விட்டால் அது இறங்காமல் நேராகப் போகும்.

முதலில் கையைச் சரிபாருங்கள். லேசான பந்தில் வேகம் வர முழங்கையை வெட்டி எறிவது பழகிவிடும். விதிப்படி முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. இந்தியாவுக்கு ஆடிய வேகப்பந்து வீச்சாளர், சின்னப்பம்பட்டி நடராஜனே 2015இல் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சியில் அறிமுகமானபோது பந்து வீசும் ஆக்ஷன் சந்தேகத்துக்குள்ளாகி, அதைத் திருத்திக்கொண்டுதான் திரும்ப வந்தார். பக்கவாட்டிலும் பின்னாலும் செல்போனை வைத்து ஸ்லோ மோஷனில் எடுங்கள். கை தோள் உயரம் வந்ததிலிருந்து பந்து விடுபடும்வரை முழங்கையை மட்டும் பாருங்கள். வெட்டு தெரிந்தால் ரன்-அப்பை விட்டுவிட்டு நின்ற இடத்திலிருந்து, பிறகு நாலு எட்டிலிருந்து போடுங்கள். வேகம் குறையத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து குறி. ஸ்டம்பிலிருந்து 4 அடி முன்னால் பேட்டிங் கிரீஸ். அதற்கு முன்னும் பின்னும் ஓரடி தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, நடுவில் ஒரு பழைய ஷூவை வையுங்கள். ஃபுல் டாஸ் விழுந்தால் கை சீக்கிரம் விட்டது. ஹாஃப் வாலி (காலடிக்குச் சற்று முன்னாலேயே குத்தி எழும் பந்து) விழுந்தால் தாமதம். வேகத்தைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது. தப்பினாலும் தாழ்வான ஃபுல் டாஸ் பக்கமே தப்புங்கள். ஹாஃப் வாலி நேரே பவுண்டரிக்கு வெளியே போகும். பேட்ஸ்மேன் கிரீஸுக்குள் ஆழமாக நின்றால் ஷூவும் ஓரடி பின்னால் நகரும். 2020 ஐபிஎல் எலிமினேட்டரில் 56 ரன் எடுத்து நிலைத்திருந்த டிவில்லியர்ஸை நடராஜன் போல்டாக்கியதும் யார்க்கரில்தான். இடதுகை பவுலர் ஓவர் த விக்கெட் (போடும் கை ஸ்டம்ப் பக்கம் இருக்கும்படி) வந்தால் பந்து வலதுகைக்காரருக்குக் குறுக்காக வெளியே போகும். அதனால் லெக் ஸ்டம்ப் பக்கத்துக் கால்விரலைக் குறி பாருங்கள்.

ஒரு நாளைக்கு ஆறாறு பந்தாக நாலு செட், நடுவில் நல்ல ஓய்வு. வாரம் மூன்று நாள், அடுத்தடுத்த நாளாக வேண்டாம். களைத்தால் முன்கால் மடங்கும், லெந்த் (பந்து குத்தும் தூரம்) தவறிவிடும். ஞாயிறு டென்னிஸ் டோர்னமென்ட் ஆடிவிட்டுத் திங்கள் காலையே ஸ்டிச் பாலை எடுக்காதீர்கள்; கை பழைய இடத்திலேயே விடும்.

நம் செம்மண் சரளையில் முன்கால் ஊன்றும் இடத்தில் சீக்கிரம் குழி விழும். ஈரமண் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்தாமல் போடவே கூடாது. முழங்கால் பாழானால் ஆறுவதற்கு மாதக்கணக்கு. நடராஜனுக்கு 2021இல் அறுவை சிகிச்சையே ஆனது.

யார்க்கர் மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவில் 2020 டிசம்பர் 2 ஒருநாள், 4 டி20, 2021 ஜனவரி 15 பிரிஸ்பேன் டெஸ்ட் என ஒரே தொடர்ப் பயணத்தில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் நடராஜன். அந்த டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3 விக்கெட். டெஸ்ட்டின் சிவப்புப் பந்தில் நாளெல்லாம் யார்க்கர் போட்டுக் காலம் தள்ள முடியாது, குட் லெந்த் (பேட்ஸ்மேன் முன்னே வருவதா பின்னே போவதா எனத் தடுமாறும் இடம்) வேண்டும். ஆரம்பத்தில் டெத் ஓவரில் (இன்னிங்ஸின் கடைசி ஓவர்களில்) இரண்டு யார்க்கர், மீதி குட் லெந்த்தும் கட்டரும் (விரலை உருட்டி விட்டுக் குத்தித் திரும்ப வைக்கும் பந்து). பேட்ஸ்மேனுக்குப் பின்பக்கம் நிற்கும் ஃபைன் லெக், தேர்ட் மேன் இரண்டையும் எல்லைக் கோட்டில் நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடி வாருங்கள். நல்ல யார்க்கர் விளிம்பில் பட்டால் அங்கேதான் போகும்.