அல்பேர் த ப்ரோய்: வாசிப்பு வாரத்துக்கு ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதும் முறை

ஜூன் 19 வாசிப்பு தினத்தை ஒட்டி கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்தில் தமிழில் பேசுவதற்கு ஆள் தேடுவார்கள். காந்தியும் பாரதியும் ஏற்கெனவே யாராவது பேசி முடித்திருப்பார்கள். எதிரே பிளஸ் டூ பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் அல்பேர் த ப்ரோய் நல்ல தேர்வு. இயற்பியல் பாடத்தில் அலைநீளச் சூத்திரத்தோடு வரும் லூயி த ப்ரோயின் தாத்தா அவர். பாரிஸில் 1821 ஜூன் 13 அன்று பிறந்து 1901 ஜனவரி 19 அன்று மறைந்தார். பிரபுக் குடும்பம், தூதர், இருமுறை அரசாங்கத் தலைவர், வரலாற்றாசிரியர். எழுத உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் அப்பா, தாத்தா, மகன் எல்லாரும் ஒரே ஆளாகக் கலந்துவிடுவார்கள் என்பதுதான் சிக்கல்.

முதலில் பெயர். 'த' தலைப்பெழுத்து அல்ல. ப்ரோய் என்பது வீட்டுப்பெயர். நம் பக்கத்துத் தறவாட்டுப் பெயரைப் போல குடும்பம் முழுக்க ஒட்டிக்கொண்டு வரும். இத்தாலியின் பியெத்மோந்திலிருந்து வந்த குடும்பம் என்பதால் எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று. வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி படித்தால் பிரெஞ்சுக்காரருக்குப் புரியாது, 'ப்ரோய்' போதும்.

அடுத்து ஒரு முழுத் தாளில் வம்ச வரிசை போடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு எழுதியவர்கள் மாட்டிக்கொள்வது விக்தோர் என்ற பெயரில்தான். கொள்ளுத்தாத்தா விக்தோர் பிரான்சுவா, இரண்டாம் டியூக் (உயர்ந்த பிரபுப் பட்டம்). தாத்தா க்ளோத் விக்தோர். அப்பா விக்தோர், மூன்றாம் டியூக். இவருடைய முழுப் பெயர் ழாக் விக்தோர் அல்பேர், நான்காம் டியூக். மூத்த மகனும் விக்தோர், ஐந்தாம் டியூக். தாத்தாவுக்கு எண் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். தன் தந்தைக்கு முன்பே பிரெஞ்சுப் புரட்சியில், தலை வெட்டும் கில்லட்டின் இயந்திரத்தில் மாண்டதால் அவருக்குப் பட்டம் வரவேயில்லை. தலைமுறையை எண்ணி டியூக் எண் போட்டால் ஒன்று கூடிவிடும்.

பிறகு இன்னொரு தாளைக் குறுக்கே வைத்து ஐந்து பத்தி பிரியுங்கள்: தேதி, பட்டம், பதவி, அப்போதைய ஆட்சி, வெளிவந்த நூல். எந்த விவரம் கிடைத்தாலும் ஐந்தையும் நிரப்பிய பிறகே அடுத்த வரி. மாதிரிக்கு இரண்டு வரி. 1862: பட்டம் இளவரசர், பதவி ஏதுமில்லை, பிரெஞ்சு அகாதெமிக்குத் தேர்வு, ஆட்சி மூன்றாம் நெப்போலியனுடையது, நூல், நான்காம் நூற்றாண்டின் திருச்சபையும் ரோமப் பேரரசும், தொகுதிகள் வந்துகொண்டிருக்கின்றன. 1871: பட்டம் டியூக்; லண்டனில் தூதர்; மூன்றாம் குடியரசு; நூல் பத்தி காலி. இடையில் 1870 ஜனவரியில் அப்பா இறந்தார், பட்டம் மாறியது. பழைய நூல் அட்டையில் இளவரசர் என்றும் புதியதில் டியூக் என்றும் பார்த்து இரண்டு ஆசிரியர் என்று நினைத்துவிடக் கூடாது.

'இளவரசர்' என்றால் ராஜா மகன் இல்லை. ஜெர்மானியப் பேரரசர் அந்தக் குடும்பம் முழுவதற்கும் கொடுத்த பட்டம் அது. நம்மூரில் நிலக்காரரைத் தம்புரான் என்று கூப்பிட்டதால் அவர் கொச்சி மகாராஜா ஆகிவிடவில்லையே, அப்படித்தான்.

பதவிகளில் பெரிய குழி ஒன்று இருக்கிறது. 1873 மே மாதம் ஜனாதிபதி தியேர் வீழ்ந்து மக்மஓன் ஜனாதிபதியானபோது ப்ரோய்க்குக் கிடைத்த பதவியின் பெயர் 'அமைச்சரவைத் துணைத் தலைவர்'. அதைத் துணைப் பிரதமர் என்று மொழிபெயர்த்தால் தப்பு. தலைவர் நாற்காலி ஜனாதிபதிக்கு என்று வைத்திருந்ததால் துணை என்று பெயர், அரசாங்கத்தை நடத்தியது இவர்தான். 1877இல் அதே வேலைக்கு 'தலைவர்' என்றே பெயர். இன்னொன்று, மே 16 இரண்டு தடவை வரும்: 1874 மே 16 அன்று ப்ரோயின் அரசு சபையில் தோற்றது, 1877 மே 16 அன்று மக்மஓன் அப்போதைய அரசாங்கத் தலைவர் ழூல் சிமோனை வெளியேற்ற, மறுநாள் ப்ரோய் திரும்ப வந்தார். அந்த முறை ஜூனில் சபையைக் கலைத்து, அக்டோபர் தேர்தலில் குடியரசுக் கட்சியினரிடம் தோற்று, நவம்பரில் விலகினார்.

தூதர் என்ற அடைமொழியை நாங்கள் அடக்கியே எழுதுவோம். இளமையில் மத்ரித், ரோம் தூதரகங்களில் செயலர் வேலை. 1848 புரட்சி வந்ததும் விட்டுவிட்டார். லண்டன் தூதர் பதவி 1871–72 மட்டும். ராஜதந்திரம் அவரிடம் நிஜமாகத் தங்கியது புத்தகங்களில்தான்.

தேதி மாற்றுவது பெரும்பாலும் தாத்தாவுக்குத்தான் தேவைப்படும். அவர் மாண்ட நாள், பிரெஞ்சுப் புரட்சி அரசு கொண்டுவந்த காலண்டரில் ஆண்டு 2, மெஸ்ஸிதோர் 9. பழைய பத்திரங்களில் மலையாளக் கொல்லம் ஆண்டு பார்த்துப் பழகினவர்களுக்கு இது கஷ்டமில்லை. சிங்ங மாதம் முதல் டிசம்பர் வரை 824, ஜனவரிக்குப் பிறகு 825 கூட்டுகிறோம் அல்லவா? இங்கே ஆண்டு செப்டம்பரில் பிறப்பதால் டிசம்பர் முடிய 1791, ஜனவரியிலிருந்து 1792. மாதத்துக்கு 30 நாள், மெஸ்ஸிதோர் பத்தாவது மாதம். ஆகவே முன்னால் 270 நாள். ஆண்டு 2 பிறந்தது 1793 செப்டம்பர் 22. அதிலிருந்து 270 நாள் தள்ளினால் 1794 ஜூன் 19, அது மெஸ்ஸிதோர் 1. ஒன்பதாம் நாள் ஜூன் 27. 1791ஐக் கூட்டியவர் தாத்தாவை ஒரு வருஷம் முன்னதாகவே கொன்றுவிடுவார். ஆண்டுப் பிறப்பு செப்டம்பர் 22, 23, 24 என்று மாறும். விடை ஓரிரு நாள் பிசகினால் அங்கே பாருங்கள்.

பழைய பிரெஞ்சுக் கடிதங்களில் 7 போட்டுப் பக்கத்தில் 'ப்ர்' என்றிருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். லத்தீனில் 'செப்தெம்' ஏழு. அதே கணக்கில் 8 அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து டிசம்பர்.

நூல்களில் 1878இல் வந்த 'மன்னரின் ரகசியம்' ஒன்றையாவது விளக்குங்கள். பதினைந்தாம் லூயி தன் அமைச்சர்களுக்கே தெரியாமல் நடத்திய ரகசிய ராஜதந்திரம் பற்றியது. அதை முன்நின்று நடத்திய ஷார்ல் பிரான்சுவா வேறு யாருமில்லை, ஆசிரியரின் கொள்ளுத்தாத்தாவுடைய தம்பி. வம்சத் தாளில் அந்தப் பெயரைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தால் மேடையில் மறக்காது. சொந்தக் குடும்பத்துக்காரரைப் பற்றி எழுதியவரை எவ்வளவு நம்பலாம் என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கட்டும். 1891–92இல் பிரெஞ்சு ராஜதந்திரி தலேராந்தின் நினைவுக் குறிப்புகளைப் பதிப்பித்ததற்கு ஒரு வரி போதும்.

நேரம் குறைந்தால் மந்திரிசபைத் தேதிகளை வெட்டுங்கள். வம்ச வரிசையையும் பேரனையும் வெட்ட வேண்டாம்.