அன்டூவை நம்பி வரைய முன்: ஓட்டோகேட் தொடங்குபவர்களுக்கு

வெள்ளவத்தையில் ஒரு சிறிய அலுவலகத்தில் படவரைஞராகச் சேர்ந்த புதிது. ஆறு பேர்ச் காணியில் இரண்டு மாடி வீடு, அதன் மாடிப்படியை ஓட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைவது என் பொறுப்பு. காலையில் வரைந்த படி நல்லதா, பின்னேரம் மாற்றியது நல்லதா என்று ஒப்பிட ஆசைப்பட்டு, அன்டூ, அதாவது கடைசியாகச் செய்ததை நீக்கும் கொன்ட்ரோல் இசட்டைத் தட்டிக்கொண்டே பின்னுக்குப் போனேன். பழைய படி திரைக்கு வந்தது. அகலம் சரியா என்று பார்க்க அதன் மேல் ஒரு கோடு போட்டேன். உடனே, நீக்கியதைத் திரும்பக் கொண்டுவரும் ரீடூ பொத்தான் மங்கிவிட்டது. பின்னேரத்து வேலை முழுவதும் போனது போனதுதான். அந்த இரவு ஒன்பது மணிவரை இருந்து திரும்ப வரைந்தேன்.

அதனால்தான் என்னிடம் பழக வரும் தம்பி தங்கச்சிமாருக்குக் கோடு போடச் சொல்லித்தரும் அன்றைக்கே அன்டூவையும் சொல்லித்தருகிறேன். ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். நாம் எண்ணுவது வேலைகளை, ஓட்டோகேட் எண்ணுவது கொமாண்ட்களை, அதாவது நாம் கொடுக்கும் ஒவ்வொரு கட்டளையையும். கதவு வைப்பது நமக்கு ஒரு வேலை. அதற்கு அது கோடு, வில், ட்ரிம் (மிஞ்சிய கோட்டை வெட்டுவது), மூவ் (நகர்த்துவது), நடுவில் நாலைந்து சூம் (பார்வையைப் பெரிதாக்குவது, சிறிதாக்குவது). கொன்ட்ரோல் இசட் தட்டும்போது வரும் எரிச்சலில் பெரும்பங்கு இந்த வித்தியாசத்தால் வருவது.

சரி, புதிய ஃபைல் ஒன்றைத் திறந்து 3000க்கு 3600 மில்லிமீற்றரில் ஓர் அறை வரையத் தொடங்குங்கள். கொமாண்ட்களை எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

படி 1: கொமாண்டுக்குள்ளேயே திருத்துங்கள்

லைன் கொமாண்டில் மூன்று சுவர் போட்டாயிற்று, மூன்றாவது பிழை. எஸ்கேப் தட்டாதீர்கள். யூ என்ற ஒற்றை எழுத்தைத் தட்டி என்டர் கொடுங்கள். கடைசிக் கோடு மட்டும் போகும், கொமாண்ட் தொடரும். லைனை முடித்துவிட்டு வெளியில் வந்து யூ தட்டினால் மூன்று கோடுகளும் சேர்ந்து போய்விடும், ஏனென்றால் அது எல்லாம் ஒரே கொமாண்ட். பொலிலைன், ட்ரிம், கொப்பி ஆகியவற்றிலும் இதே யூ இருக்கிறது. பத்துக் கோடு ட்ரிம் பண்ணி பத்தாவது பிழைத்தால், மற்ற ஒன்பதையும் இழக்கத் தேவையில்லை.

படி 2: சூமை ஒன்றாக்குங்கள்

ஒப்ஷன்ஸ் என்று தட்டுங்கள். யூசர் பிரிஃபரன்சஸ் தாவலில் அன்டூ, ரீடூ என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் சூமையும், பார்வையைப் பக்கவாட்டில் நகர்த்தும் பேனையும் சேர்க்கும் வரியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் போடுங்கள். இனி அடுத்தடுத்துச் செய்த சூம், பேன் எல்லாம் ஒரே அன்டூவாகக் கணக்காகும். கீழே லேயர் (வரைபட அடுக்கு) மாற்றங்களுக்கும் அதே மாதிரி ஒரு வரி உண்டு.

படி 3: மார்க் வையுங்கள்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆனால் வருடக்கணக்காக வரைகிறவர்களில்கூடப் பலர் இதைத் தொட்டதே இல்லை. ஆபத்தான எதையும் தொடங்க முன், உதாரணமாகப் படுக்கையறைச் சுவரை நகர்த்திப் பார்க்க முன், அன்டூ என்ற முழுச் சொல்லைத் தட்டி என்டர் கொடுங்கள். கேள்வி வரும்போது எம் தட்டி என்டர். திரையில் எதுவும் மாறாது, ஆனால் அந்த இடத்தில் ஓர் அடையாளம் விழுந்துவிட்டது.

இப்போது சுவரை நகர்த்துங்கள், யன்னலை மாற்றுங்கள், இருபது முப்பது கொமாண்ட் போகட்டும். பிடிக்கவில்லையா? மறுபடி அன்டூ, இம்முறை பி. ஒரே பாய்ச்சலில் அடையாளம் வைத்த இடத்துக்கு வந்துவிடுவீர்கள். எத்தனை தடவை கொன்ட்ரோல் இசட் தட்டினோம் என்று எண்ணும் வேலை இல்லை.

இரண்டு எச்சரிக்கை. திரும்பி வந்ததும் அந்த அடையாளம் அழிந்துவிடும், ஆகவே இன்னொரு முறை முயற்சி செய்வதென்றால் புதிதாக எம் வைக்க வேண்டும். அடுத்தது இதைவிட முக்கியம்: அடையாளமே வைக்காமல் பி தட்டினால், எல்லாவற்றையும் நீக்கவா என்று கேட்கும். பழக்கத்தில் என்டர் தட்டினால் ஆம் என்று எடுத்துக்கொண்டு, ஃபைலைத் திறந்ததிலிருந்து செய்த அனைத்தையும் எடுத்துவிடும். வேண்டாம் என்பதற்கான N எழுத்தைத் தட்டி விலகுங்கள்.

படி 4: அழித்ததை மட்டும் மீட்க

தூண்களைத் தவறுதலாக அழித்துவிட்டு, அதற்குப் பிறகு கூரை வரைந்தீர்கள். அன்டூ போனால் கூரையும் போய்விடும். ஊப்ஸ் (OOPS) என்று தட்டுங்கள், கடைசியாக அழித்தது மட்டும் திரும்பி வரும், கூரை அப்படியே இருக்கும். ஆனால் கடைசி அழிப்பு மட்டும்தான், அதற்கு முந்தையது வராது.

படி 5: பழையதைப் பார்க்க வேண்டுமென்றால்

என் மாடிப்படி விஷயம். ரீடூ வேலை செய்வது அன்டூவுக்கு அடுத்த கணமே. நடுவில் ஒரு கோடு போட்டாலும் முன்னால் இருந்த பாதை அடைபடும். ஆகவே பின்னுக்குப் போக முன், புதிதாக வரைந்ததைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கொன்ட்ரோல் ஷிஃப்ட் சி தட்டி, அடிப்புள்ளியாக 0,0 கொடுத்து, புதிய பகுதியைத் தெரிவு செய்து என்டர் தட்டுங்கள். அப்புறம் தாராளமாக அன்டூ செய்யலாம். பழையதைப் பார்த்து முடிந்ததும் கொன்ட்ரோல் வி, மறுபடி 0,0. புதியது அதே இடத்தில் வந்து உட்காரும்.

வேறு மென்பொருளில் வரைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்கெட்ச்அப் 100 அன்டூவுக்கு மேல் பின்னால் போகாது. ஃப்ரீகேட்டில் இந்த எண்ணிக்கை 20 ஆகவே வரும், அமைப்புகளில் கூட்டிக்கொள்ளலாம்.

படி 6: அன்டூ இல்லாத நேரத்துக்கு

சேவ் செய்வதால் அன்டூ அழியாது, பயப்படாமல் அடிக்கடி செய்யுங்கள். ஃபைலை மூடினால்தான் எல்லாம் போகும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் இதைக் கொழும்பில் வரைந்தவர்கள் எல்லாரும் கைப்பட அனுபவித்தோம். யூபிஎஸ் இல்லாத மேசையில் கரண்ட் போனால் அன்டூவும் சேர்ந்து போய்விடும்.

சேவ்டைம் (SAVETIME) என்று தட்டினால் 10 என்று காட்டும், அதாவது பத்து நிமிடத்துக்கு ஒரு தானியங்கிச் சேவ். நான் 5 வைத்திருக்கிறேன். தவிர, ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் முந்தைய நிலை அதே ஃபோல்டரில் பி.ஏ.கே. என்ற பின்னொட்டுடன் இருக்கும். அதை டி.டபிள்யூ.ஜி. என்று பெயர் மாற்றித் திறக்கலாம். ஆனால் முதலில் வேறு ஃபோல்டருக்கு ஒரு பிரதி எடுங்கள், அடுத்த சேவ் அந்த பி.ஏ.கே. மேலேயே எழுதிவிடும்.