பாட்டி கதைய ரெக்கார்ட் பண்ணணுமா? கேமராவ அப்புறம் எடுங்க

தீபாவளிக்கு குடும்பம் கூடுனா யாராச்சும் போன தூக்கி பாட்டி மூஞ்சிக்கு நேரா நீட்டுவாங்க, அவ்ளோதான், அதுவரைக்கும் சிங்கப்பூர் செம்பவாங் நேவல் பேஸ் குவாட்டர்ஸ் பத்தி மூச்சுவிடாம பேசிட்டு இருந்தவங்க சேலைய சரி பண்ணிட்டு "என்னத்த சொல்ல"ன்னு கம்முனு ஆயிடுவாங்க. எங்க வீட்லயும் இதே கூத்துதான்.

இதுக்கு வழி கனடாவுல கெடச்சுது. அலானிஸ் ஒபம்சாவின்னு ஒரு அம்மா, ஆவணப்படம் எடுக்கறவங்க, அபெனாக்கி பூர்வகுடி, 1932ல பொறந்தவங்க. மொதல்ல பாடகி. ஒடனாக்ங்கற அவங்க ஊர்ப் புள்ளைங்களுக்கு நீச்சல்குளம் வேணும்னு பாடி காசு சேத்தாங்க, அதுல வெளிய தெரிஞ்சு 1967ல கனடா தேசிய திரைப்பட வாரியம் கூப்பிட்டுச்சு, இதுவரைக்கும் 50க்கு மேல படம். 1990ல அங்க மோஹாக் பூர்வகுடி மக்கள் நெலத்துல கோல்ஃப் மைதானத்த பெருசாக்கப் போயி ராணுவம் வரைக்கும் வந்துச்சே, அந்த 78 நாள் முற்றுகைய உள்ள இருந்து படம் புடிச்சதும் இவங்கதான். இவ்ளோ எடுத்தவங்க ஒருத்தர பாக்கப் போனா மொதல்ல கேமராவே கொண்டு போறதில்ல, தனியா உக்காந்து குரல மட்டும் பதிவு பண்ணுவாங்க.

நம்மளும் அப்படியே செய்யலாம். ஃபேன ஆஃப் பண்ணுங்க, ஜன்னல சாத்துங்க, கீழ புல்லு வெட்ற மெஷின் ஓடுனா சாயங்காலம் போங்க, இது ஒண்ணுலயே எனக்கு ரெண்டு நாள் வேஸ்ட்டு. போன் ஏர்பிளேன் மோட்ல, மடிச்ச துண்டு மேல, அவங்க வாய்க்கு ஒரு முழம் தள்ளி. எதிர்ல உக்காராதீங்க, பக்கத்துல உக்காந்து கீரை ஆயுங்க. "ம்ம்" கொட்டாம தலைய மட்டும் ஆட்டுங்க. பேச்சு நின்னா ஒடனே அடுத்த கேள்வி போடாதீங்க, நெஜமான கதை அந்த கேப்புக்கு அப்புறம்தான் வரும்.

பாடச் சொன்னா வெக்கப்படுவாங்க. "எங்கம்மாவ எப்படி தூங்க வச்சீங்க"ன்னு கேளுங்க, தாலாட்டு தானா வரும்.

படம் பழகுனப்புறம் போதும். மூஞ்சி வேணாம்னா கைய மட்டும் படம் புடிங்க, பழைய போட்டோ, பேரப்பிள்ளைங்க வரைஞ்சது. ஒபம்சாவினோட 1971 மொதல் படமே பெரும்பாலும் புள்ளைங்க கிரேயான்ல வரைஞ்ச படமும் அந்தப் புள்ளைங்க குரலும்தான்.

பதிவ ரெண்டு காப்பி எடுத்து வைங்க, குடும்ப வாட்ஸ்அப்ல போடறதுக்கு முன்னாடி பாட்டிக்கு போட்டுக் காட்டுங்க, அந்த மச்சினர் பேர எடுத்துருன்னு சொன்னா எடுத்துருங்க.