குளிக்கக் கூப்பிட்டால் ஓடி ஒளியும் நாய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் பல வீடுகளில் நாயைக் குளிப்பாட்டுவது ஞாயிற்றுக்கிழமை வேலை. ஒருவர் கழுத்தைப் பிடிக்க, இன்னொருவர் காலைப் பிடிக்க, குளியல், நகம், காது, சீப்பு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். அமுக்கிப் பிடித்துச் செய்யச் செய்ய நாய்க்குப் பயம் கூடுமே தவிரக் குறையாது.

வேலையைப் பிரித்துவிடுங்கள். இன்று நகவெட்டியைக் காட்டிவிட்டு, உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறி ஒரு துண்டு கொடுங்கள். அவ்வளவுதான். நாளை பாதத்தைத் தொட்டுவிட்டு மறுபடி கறி. காலை இழுத்துக்கொள்ளாமல் கொடுக்கப் பழகிய பிறகு ஒரே ஒரு நகம், அதுவும் நுனி மட்டும். நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் இருக்கின்றன; கறுப்பு நகத்தில் அவை வெளியே தெரியாது. அதில் வெட்டுப்பட்டால் ரத்தம் வரும், வலிக்கும். அப்புறம் நகவெட்டியைப் பார்த்தாலே ஓடிவிடும்.

உறுமினால் அடிக்காதீர்கள். உறுமலுக்கு முன்பே கொட்டாவி விடும், உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அடித்து அடக்கிய நாய் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கலாம்.

சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் குளிப்பாட்டுவதும் வேண்டாம். தரை பாதத்தைச் சுடும், குழாயில் முதலில் வரும் தண்ணீர் கொதிக்கும். காலையில், நிழலில், வழுக்காமல் இருக்கச் சாக்கு விரித்து, கையில் ஊற்றிப் பார்த்த தண்ணீரைக் காலிலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத் தோட்டங்களில் பம்புசெட் தொட்டிக்குள் நாயைத் தூக்கிப் போடுவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தண்ணீர்ப் பயம் போவதற்குப் பதில் இன்னும் ஆழமாகப் பதிந்துவிடும்.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாய்களுக்கு முடி குட்டை. ஈரத்துணியால் துடைத்து, ரப்பர் பிரஷ்ஷால் தேய்த்தாலே பெரும்பாலும் போதும். பொமரேனியனுக்குச் சடை விழுந்திருந்தால் நனைப்பதற்கு முன்பே பிரித்துவிடுங்கள், நனைந்தால் இறுகிவிடும். வெயில் காலம் என்று அதை மழிக்கவும் வேண்டாம். அந்த முடிதான் வெயில் நேராகத் தோலில் படாமல் தடுக்கிறது.

உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவாதீர்கள். தோல் எரியும், நக்கினால் விஷம்.

இதுவரை சாதுவாக நின்ற நாய் திடீரென்று தொடவிடாமல் முரண்டு பிடித்தால், பழக்குவதை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழோ மூட்டில் வலியோ இருக்கலாம்.