சபை பாடுகிறதா என்று கேளுங்கள்: ஆராதனை நடத்துகிறவர்களுக்கு

ஆராதனை நடத்துகிறவர் தாழ்மையாக இருக்க வேண்டும் என்று சொல்லாத சபை கிடையாது. எப்படி என்று கேட்டால் மட்டும் "நல்லா ஜெபம் பண்ணுங்க பிரதர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஜெபம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஜெபித்துவிட்டு எழுந்து பாட்டு தேர்ந்தெடுக்கிறபோதும், ஸ்கேல் (பாட்டை எந்தச் சுருதியில் பாடுவது என்பது) போடுகிறபோதும், மைக்கின் சத்தத்தைச் சரிசெய்கிறபோதும் என்ன செய்வது? ஒருவருடைய தாழ்மை எனக்குத் தெரிந்தவரை அங்கேதான் வெளிப்படுகிறது. கண்ணை மூடித் தலை குனிந்து நிற்பது யாருக்கும் முடியும். தன் குரலுக்கு எடுப்பாக இருக்கிற ஸ்கேலைச் சபைக்காக இறக்கத்தான் மனசு வராது.

ஸ்கேலிலிருந்தே தொடங்கலாம். பாடிப் பழகாத ஒருவர் சிரமமில்லாமல் தொடுகிற மேல் சுரம், கீபோர்டில் சுரங்களுக்கு இருக்கிற ஆங்கில எழுத்துப் பெயரில் சொன்னால், சுமார் டி (D) வரைதான், கீழே ஏ (A) அல்லது பி (B). ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடினாலும் கணக்கு ஏறக்குறைய இதுவே. நீங்கள் கேட்டுக் கற்றுக்கொண்ட ரெக்கார்டிங் பி மேஜரில் இருக்கிறது, பல்லவியின் உச்சம் எஃப் ஷார்ப்பில் போய் நிற்கிறது என்று வையுங்கள். உங்களுக்கு அந்த இடம் அருமையாக வரும், சபையில் பாதிப் பேர் அங்கே வாயை மூடிக்கொள்வார்கள். நாலு அரைச்சுரம் (கீபோர்டில் அடுத்தடுத்த நாலு கட்டை) இறக்கி ஜி மேஜரில் வைத்தால் உச்சம் டி ஆகிவிடும், எல்லோரும் பாடுவார்கள், உங்கள் குரல் கொஞ்சம் மங்கலாகக் கேட்கும். கேட்கட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: சரணம் கீழே இறங்குகிற பாட்டாக இருந்தால் பெண்களுக்குச் சுரம் எட்டாமல் போகும், ஆகவே இறக்கும் முன் மேலும் கீழும் இரண்டையும் பாடிப் பாருங்கள். கீபோர்டு வாசிப்பவர் "பிரதர், இது ஜனங்களுக்கு ஹைதான்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே, எல்லார் முன்னாலும், "சரி, இறக்கிடலாம்" என்று சொல்லிப் பழகுங்கள்.

பாட்டு தேர்வும் இப்படித்தான். இந்த வாரம் உங்களைத் தொட்ட பாட்டு சபைக்கு இன்னும் தெரியாத பாட்டாக இருக்கலாம். ஒரு ஆராதனைக்கு ஒரு புதுப் பாட்டு போதும், அதையும் தொடர்ந்து சில வாரம் பாடினால்தான் அது சபையின் பாட்டாகும். மற்ற இடங்களில் அவர்கள் புத்தகம் பார்க்காமல் பாடுகிற பாடல்களை வையுங்கள். வயதான ஒரு அம்மா கேட்கிற பழைய கீர்த்தனை உங்களுக்கு மெதுவாக, அலுப்பாகத் தோன்றலாம். அதை வேண்டாவெறுப்பாக ஒரு சரணம் பாடி முடிக்காமல், மற்ற பாடல்களுக்குச் செய்கிற அதே பயிற்சியோடு பாடுங்கள். யாருக்காக நீங்கள் நிற்கிறீர்கள் என்பது அந்த அம்மாவுக்கு உடனே புரிந்துவிடும்.

இனி பயிற்சி. "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிக்கொண்டு பயிற்சியே இல்லாமல் மேடையேறுவதைச் சிலர் தாழ்மை என்று நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. தாவீதின் நாளில் லேவியருக்குப் பாட்டுக் கற்றுக்கொடுக்கும் வேலை கெனானியாவுக்குக் கிடைத்தது அவர் அதில் நிபுணராக இருந்ததால் என்று 1 நாளாகமம் 15 காரணத்தோடு சொல்கிறது. அதே புத்தகத்தின் 25-ஆம் அதிகாரத்தில் கர்த்தரைப் பாடக் கற்றுத் தேர்ந்தவர்கள் 288 பேர். அடுத்த வசனத்தைப் பாருங்கள்: சிறியவர், பெரியவர், ஆசான், மாணாக்கர் எல்லாரும் சரிசமமாகச் சீட்டுப் போட்டுத்தான் முறை எடுத்துக்கொண்டார்கள். திறமையை யாரும் குறைத்துப் பேசவில்லை, ஆனால் ஆசான் என்பதற்காக எனக்குத்தான் முதல் முறை என்று யாருக்கும் கிடைக்கவும் இல்லை. உங்கள் குழுவிலும் இதை அப்படியே செய்யலாம். பண்டிகை ஆராதனை எப்போதும் உங்களுக்கு, கூட்டம் குறைந்த வாரநாள் கூட்டம் எப்போதும் புதிய பிள்ளைகளுக்கு என்று இருந்தால் அந்தப் பட்டியலைக் கலைத்துப் போடுங்கள். நீங்கள் சொல்கிற நேரத்துக்கு நீங்களே முதலில் வந்து கேபிளைச் சுற்றி வைக்கிற வேலையிலும் கை கொடுங்கள்.

அப்புறம் மைக். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1761-இல் சபையாருக்குப் பாடும் முறைகளை எழுதிக் கொடுத்தபோது, மற்றவர்களின் சத்தத்துக்கு மேலே தன் சத்தம் தனியாகக் கேட்கும்படி யாரும் கத்தக் கூடாது, எல்லாக் குரலும் ஒன்றாகச் சேர வேண்டும் என்று சொல்லியிருந்தார். மைக்கே இல்லாத காலத்திலேயே அந்தக் கவலை இருந்திருக்கிறது! இன்று ஒரு பட்டனைத் தள்ளினால் நீங்கள் 500 பேரை மூழ்கடித்துவிடலாம். அதனால் இதைச் செய்து பாருங்கள். கடைசிச் சரணம் முடிந்து பல்லவி திரும்ப வரும்போது டிரம்ஸையும் பேஸையும் நிறுத்தச் சொல்லி, கீபோர்டை மட்டும் மெல்ல வைத்துக்கொண்டு, நீங்கள் மைக்கிலிருந்து ஒரு அடி பின்னால் போய்ப் பாடுங்கள். முன்வரிசைச் சத்தம் மட்டும் வருகிறதா, பின்னாலிருந்தும் வருகிறதா, ஆண்கள் குரல் இருக்கிறதா என்று கேளுங்கள். சபை தானாகப் பாடினால் அந்த ஸ்கேலும் பாட்டும் சரி. நீங்கள் விலகியதும் எல்லாம் அடங்கிப்போனால், அதுவரை அவர்கள் உங்களைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள் என்று அர்த்தம். காதுக்குள் மாட்டுகிற மானிட்டர் (மேடைச் சத்தத்தைப் பாடுகிறவரின் காதுக்கே தருகிற கருவி) போடுகிறவர்களுக்கு இந்தச் சத்தம் வரவே வராது, ஆகவே சபையை நோக்கி ஒரு மைக் வைத்து அதையும் மானிட்டரில் கலக்கச் சொல்லுங்கள். சவுண்ட் பார்க்கிற தம்பியிடம் ஆராதனை நடுவில் "என் மைக்கைக் கூட்டு" என்று சைகை காட்டுவதை விட்டுவிடுங்கள், உங்கள் குரல் வெளியே எப்படிக் கேட்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் பேசுவதைக் குறைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். ஒரு வசனம், ஒரு வரி ஜெபம், அடுத்த பாட்டு. முக்கியமாக, "ஏன் எல்லாரும் சும்மா நிக்கிறீங்க, சந்தோஷமா கை தட்டுங்க" என்று சபையை விரட்டாதீர்கள். மூன்றாவது வரிசையில் அசையாமல் நிற்பவர் அந்த வாரம் அடக்க ஆராதனை முடித்து வந்தவராக இருக்கலாம், அவர் வாய் திறக்காமல் நிற்பதே அவருடைய ஆராதனை.

யாராவது பிசகினால் திரும்பிப் பார்க்காதீர்கள். டிரம்மர் தாளம் விட்ட அந்த நொடியில் நீங்கள் தலையைத் திருப்பினால் முழுச் சபையும் அவரைப் பார்க்கும், அடுத்த வாரம் அவர் பயந்து பயந்து வாசிப்பார். பாடிக்கொண்டே போங்கள், முடிந்தபின் அவரிடம் மட்டும் தனியாகப் பேசுங்கள். குழுவில் ஒருவரோடு மனஸ்தாபம் இருந்தால் மேடையேறும் முன்பே போய்ப் பேசிவிடுங்கள். காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இருப்பது பாட்டுக் காணிக்கைக்கும் சேர்த்துத்தான்.

பாராட்டு வந்தால்? "நன்றிங்க, சந்தோஷம்" என்று சொல்லி முடித்துவிடுங்கள். "நான் ஒண்ணுமே இல்லீங்க, எல்லாம் அவர்தான்" என்று இழுத்தால் பாராட்டியவர் இன்னும் இரண்டு மடங்கு பாராட்ட வேண்டிவரும், பேச்சு உங்களைச் சுற்றியே நிற்கும். ஆனால் பாராட்டைக் கவனித்துக் கேளுங்கள். எல்லாரும் உங்கள் குரலைப் பற்றியும் அந்த மேல் ஸ்தாயிப் பிடியைப் பற்றியுமே சொல்கிறார்கள், பாட்டின் ஒரு வரிகூட யாருக்கும் நினைவில் இல்லை என்றால் அடுத்த வாரம் அலங்காரத்தைக் குறைக்க வேண்டும். பாடப்படும் வார்த்தையைவிடப் பாடும் குரல் தன்னை அதிகம் அசைத்துவிடுகிறது என்பதைப் பாவமாகவே எண்ணி வருந்தி எழுதினார் ஆதிச்சபைப் பிதாக்களில் ஒருவரான அகஸ்டின். கேட்டவரான அவருக்கே அவ்வளவு கவலை என்றால் பாடுகிற நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்.

ஐந்து பாட்டு ஆயத்தம் பண்ணி வைத்திருப்பீர்கள், பாஸ்டர் வந்து "இன்னைக்கு ரெண்டு போதும்ப்பா" என்பார். முகம் மாறாமல் குழுவுக்குச் சொல்லிவிட்டு அந்த இரண்டை நன்றாகப் பாடுங்கள். மூன்றாவதின் பல்லவியை ஜெபத்துக்குப் பின்னணி என்று உள்ளே நுழைக்க வேண்டாம்.

கடைசியாக, மாதத்தில் ஒரு ஆராதனையையாவது முழுசாக இன்னொருவர் கையில் கொடுங்கள். பாட்டு, ஸ்கேல், வரிசை எல்லாம் அவர் முடிவு, நீங்கள் திருத்தக் கூடாது. அன்று பின்வரிசையில் போய் உட்காருங்கள், ஹார்மனி (மெட்டோடு சேர்ந்து ஒலிக்கிற வேறு சுரங்கள்) போடாமல் மெட்டை மட்டும் பாடுங்கள். திரையில் வரிகள் ஒரு நொடி தாமதமாக வருவதும், பேஸ் சத்தத்தில் சரணத்தின் வார்த்தை புரியாமல் போவதும், பக்கத்தில் இருப்பவர் எந்தப் பாட்டில் சேர்ந்து பாடுகிறார், எதில் நிறுத்துகிறார் என்பதும் அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும். குறித்து வைத்துக்கொண்டு அடுத்த பயிற்சியில் குழுவோடு பேசுங்கள்.