டோக்கனில் எத்தனை சதவீதம்? கம்பெனிக்குக் கிரிப்டோ முதலீட்டாளரிடம் பணம் வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குலசேகரத்து ரப்பர் ஷீட் யார் கையிலிருந்து யாரிடம் போனது என்பதை பிளாக்செயினில் (பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும், எளிதில் மாற்ற முடியாத டிஜிட்டல் பதிவேட்டில்) பதியும் ஒரு நாகர்கோவில் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிரிப்டோ முதலீட்டாளர் 10% பங்கு கேட்கிறார். "டோக்கன் வெளியிட்டால் அதிலும் 10%" என்று ஒரு வரியும் சேர்க்கிறார். டோக்கன் என்பது பிளாக்செயினில் வெளியிட்டு, வாங்கி விற்கக்கூடிய டிஜிட்டல் அலகு. எதில் 10% என்று கேட்காமல் கையெழுத்துப் போடுவதுதான் இதில் மிகப் பெரிய தவறு.

மொத்தம் 100 கோடி டோக்கன், அதில் நிறுவனர், ஊழியர், முதலீட்டாளர் மூவருக்கும் சேர்த்து 35 கோடி என்றால், உள் ஒதுக்கீடான அந்த 35 கோடியில் 10% என்பது 3.5 கோடி. மொத்தத்தில் 10% என்றால் 10 கோடி. கூடுதலாகப் போகும் 6.5 கோடி, ஊழியருக்கோ ஷீட் போடும் விவசாயிக்கோ வைத்ததிலிருந்துதான் கழியும். "உள் ஒதுக்கீட்டில், பங்கு விகிதப்படி" என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

அடுத்தது லாக்-இன், அதாவது டோக்கனை விற்க முடியாத காலம், தொடங்கும் தேதி. நிறுவனருக்குக் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்தும், முதலீட்டாளருக்கு டோக்கன் வெளியான நாளிலிருந்தும் கணக்கு வைப்பது வழக்கமாக நடக்கும் பிழை. இதனால் டோக்கன் சந்தையில் பட்டியலான அன்றே நிறுவனர் விற்கலாம், பணம் போட்டவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கேயே நம்பிக்கை உடைந்துவிடும். இருவருக்கும் டோக்கன் வெளியான நாளே தொடக்கமாக இருக்கட்டும்: முதல் 12 மாதம் ஒன்றும் கிடையாது, பிறகு 36 மாதத்தில் மாதாமாதம். 3.5 கோடியை அப்படிப் பிரித்தால் மாதம் சுமார் 9.7 லட்சம். சந்தையில் ஒரு நாளுக்கு 2 லட்சம்தான் கைமாறுகிறது என்றால், அது ஐந்து நாள் வியாபாரம். விலை தாங்குமா என்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகே அட்டவணையை ஒப்புக்கொள்ளுங்கள்.

வருமானம் யாருக்கு என்பதைப் பேசாமல் விடுவதும் ஆபத்து. பதிவுக் கட்டணம் கம்பெனிக்குப் போனால் பங்குக்கு மதிப்பு, டோக்கன் வைத்திருப்பவருக்குப் போனால் டோக்கனுக்கு மதிப்பு. டோக்கன் மட்டும் வாங்கியவர் இரண்டாவதைத்தான் வற்புறுத்துவார், அது இயல்பு. இரண்டையும் வைத்திருப்பவரோடு பேசுவது எளிது.

வெளிநாட்டு முதலீட்டாளர் பங்குக்கான தொகையை யுஎஸ்டிடி-யாக (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ நாணயம்) உங்கள் கிரிப்டோ வாலட்டுக்கு அனுப்புகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். பணம் வங்கி வழியாக வர வேண்டும்; 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கி, ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு எஃப்சி-ஜிபிஆர் படிவம் (வெளிநாட்டவருக்குப் பங்கு ஒதுக்கியதைத் தெரிவிக்கும் படிவம்) போக வேண்டும்.