தேடுபொறிக்குத் தனி இணைப்பு வேண்டாம்
தளத்துக்குள் தேட உதவும் மாண்டிகோர் தேடுபொறியை உங்கள் தளத்தோடு இணைக்கப் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு பேச ஏற்கெனவே கையில் இருக்கும் டிரைவரே (இணைப்பு மென்பொருள்) போதும். போர்ட் எண்ணை 3306-க்குப் பதிலாக 9306 என்று மாற்றுங்கள். மாண்டிகோர் மைஎஸ்கியூஎல் நெறிமுறையிலேயே பேசுவதுதான் காரணம். சென்னிமலைப் போர்வைக் கடையின் சரக்குப் பட்டியலை அதில் ஏற்றிவிட்டால், வழக்கமான செலக்ட் வரியில் 'மேட்ச்' சேர்த்து 'சிவப்பு இரட்டைப் போர்வை' என்று தேடலாம்.

இணைப்புக்கான சர்வர் முகவரியில் மட்டும் கவனம்: லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதாமல் 127.0.0.1 என்றே கொடுங்கள். லினக்ஸில் பி.எச்.பி. லோக்கல்ஹோஸ்ட்டைக் கண்டால் போர்ட்டைச் சட்டை செய்யாமல் சாக்கெட் (ஒரே கணினிக்குள்ளான நேரடி இணைப்பு) வழியாக ஏற்கெனவே இருக்கும் மைஎஸ்கியூஎல்லிடமே போய் நிற்கும். பிழைச்செய்தியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது பெரும்பாடு.

ஆர்டர், பில், இருப்புக் கணக்குக்கு மாண்டிகோர் ஆகாது. அவை மைஎஸ்கியூஎல்லிலேயே இருக்கட்டும். எலாஸ்டிக்சர்ச் என்ற வேறு தேடுபொறி வைத்திருப்பவர்களுக்கும் இந்த வழி பொருந்தாது.